ஏழு பல்

அதிகாலை நாலே கால், ஆக்லாந்து விமானம்.
மரம், மாவு, மாமிசம்
எல்லாமே எங்கள் எக்ஸ்ரே திரையில் ஆரஞ்சுதான்.
ஒரு முதலைத் தாடை
ஆரஞ்சாக மிதந்து வந்தது.

பையைத் திறக்கச் சொன்னேன்.
ரக்பி சட்டையைப் பிரித்தாள்.
பல்லுள்ள பக்கத்துக்குக் காலுறை வேறு.

சமோவா கடப்பிதழ். பெயர் ஃபெதூ.
என் குறிப்பேட்டில் தமிழில்தான் எழுதுவேன்,
மேலதிகாரி ஹைருலுக்குப் படிக்க வராது என்பதால்.
அவள் பெயரின் முதல் ஒலிக்கே
ஆயுத எழுத்து தேவைப்பட்டது.
மூன்று புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

ஒரு கை நீளம். இரண்டு கிலோ நூறு.
கருத்த மரம். செதுக்கிய பள்ளங்களில்
வெற்றிலைக்குத் தடவுவது மாதிரிச் சுண்ணாம்பு.
பூரான் கால்கள்.
ஏதோ ஒரு கடல்பறவை
ஈரமணலில் நடந்துபோன தடம்.

எட்டுப் பல் என்று இதற்குப் பெயராம்.
எண்ணினேன். ஏழு.
"இன்னொன்று?"
"பக்கத்துத் தீவுக்காரர் கொண்டுபோனார்."
தன் மண்டையைத் தொட்டுக் காட்டினாள்.
"நூறு வருஷம் இருக்கும்.
இப்போது அது சம்பந்தி வீடு."
ஹைருல் சிரிக்கவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டம்:
ஆயுதம். அலங்காரப் பொருள்.
இரண்டாவதில் போட்டால்
ஐந்து நிமிடத்தில் டாக்சி ஏறியிருப்பாள்.
காட்டினேன். அவள்தான் மறுத்தாள்.
"ஆணியடித்து மாட்டுவதற்கு
அந்தப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்."

தங்கைக்குச் சனிக்கிழமை பொங்கோலில் கல்யாணம்.
அவர்கள் வீட்டில் மணப்பெண்
இதைச் சுழற்றிக்கொண்டுதான் ஆடுவாள்.
மேலே எறிந்து, பார்க்காமல் பிடிப்பாள்,
மாப்பிள்ளை வீட்டார் முன்னால்.
"எங்களால் முடியும் என்று தெரியவேண்டும்.
செய்யமாட்டோம் என்றும்."

"என்ன மரம்?" அதுவும் படிவத்தில் இருக்கிறது.
"தோஆ."
கைபேசியில் படம். உப்புக்காற்றில்
தலைவிரித்த ஊசிகள்.
அட, சவுக்கு!
சாங்கி கடற்கரை முழுக்க இதுதானே,
ஞாயிற்றுக்கிழமை சாத்தே புகையில் நின்றுகொண்டு.

தோஆ என்றால் வீரன் என்றும் பொருளாம்.
சவுக்கு என்றால் சாட்டை என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
முதுகைத் திருப்பிக் காட்டினேன்.
எங்களுக்கு அந்தச் சொல்
அந்தப் பக்கமாக அறிமுகம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

ஹைருல் முதல் கட்டத்தில் குறியிட்டார்.
உரிமம் வெள்ளிக்கிழமை. அதுவரை இங்கே.
ரசீதை நாலாக மடித்து
ரக்பி சட்டைப் பையில் வைத்தவள்
திரும்பி வந்து, "படுக்க வைக்காதீர்கள்,
சாய்த்து வையுங்கள்" என்றாள்.

அலமாரி முப்பத்தொன்று.
ஒரு பக்கம் மிளகுத் தெளிப்பான்,
மறுபக்கம் யாரோ விட்டுப்போன பொம்மைத் துப்பாக்கி.
பூட்டுமுன், ஹைருல் கோப்பி வாங்கப் போயிருந்தார்,
ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.

கனம் கைப்பிடியில் இல்லை, நுனியில்.
சொல்லித் தராமலே
மணிக்கட்டுக்கு அது விளங்கியது.

காலுறையை மாட்டினேன்.
சாய்த்து வைத்தேன்.