இடது சின்னவிரல்

மாதத்துக்கொருக்கா பூநகரிக்குப் போவேன்.
நண்டுக் கொம்பனி வாசலில்
சுவரோடு அறைந்திருக்கிற மிசினைத்
திறந்து, துடைத்து, நேரம் சரிபார்த்து
மூடிவிட்டு வருகிற வேலை.

இந்தமுறை ஒரு முறைப்பாடு:
ஆறு பேரின் விரலை அது ஏற்கவில்லை.
ஆறு பேருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு.

வரிசையில் நின்றார்கள்.
அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச்
சதை உருவுகிற கைகள்.
சதைக்குள் தூசியளவு ஓடு கிடந்தாலும்
கண்ணுக்கு முன்னம் கண்டுபிடிக்கிற விரல்கள்.
ஐஸும் உப்பும் குளோரின் தண்ணியும்
ரேகையைத் தின்றுவிட்டிருந்தன.
புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று
ஒவ்வொரு நுனியும்.

"நெத்தியில தேய்ச்சுப்போட்டு வையுங்கோ அக்கா,
கொஞ்சம் எண்ணெய் பிடிச்சா எடுக்கும்."
எங்கள் தொழிலில் உள்ள ஒரே மந்திரம்.
ஐந்து பேருக்குப் பலித்தது.

இன்பரூபிக்குப் பலிக்கவில்லை.
பெருவிரல். இல்லை.
சுட்டுவிரல். இல்லை.
நடுவிரலில் தையல் தழும்பு, அதுவும் இல்லை.
"மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மிசின்,
இந்த ஊர் வெயில் படாத ஒரு குரலில்.
"நான்தான் எண்டு நானே சொல்லுறன்,
அது காணாதாமோ?"
சிரித்துக்கொண்டே அடுத்த கையை நீட்டினாள்.
பத்தாவதாக, இடது சின்னவிரல்.
பச்சை விளக்கு.
இனி இந்தப் பெட்டிக்கு
அவள் அந்தச் சின்னவிரல் மட்டும்.

திருகாணியை முடுக்கும்போது
பக்கத்திலேயே நின்றாள்.
"தம்பி, பழசும் இதுக்குள்ள இருக்குமோ?"

எது பழசு?

"ஓமந்தையில அண்ணாட பத்து விரலையும்
மையில தோய்ச்சு எடுத்தவங்கள்.
வெள்ளைத் தாள். நான் பக்கத்தில நிண்டனான்.
பேந்து கை துடைக்கத் துணி கேட்டவன்.
துணிக்கு எங்க போறது,
என்ர சட்டையிலதான் துடைச்சவன்.
அந்தத் தாள் எங்கையும் கிடந்தா
இப்பிடி ஒண்டில போட்டுத் தேடலாமெல்லே?"

தெரிந்ததைச் சொன்னேன்.
இதுக்கு ஆயிரம் பேரைத்தான் ஞாபகம் இருக்கும்.
தாள் எல்லாம் வாசிக்காது.
விரல் வந்து தொடவேணும், அக்கா,
உயிர்ச்சூடு பார்த்துத்தான் எடுக்கும்.

சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது என் காதில் விழுந்தது.

விலை கேட்டுவிட்டு
வாங்காமல் திரும்புகிறவள் மாதிரித் தலையாட்டினாள்.
"சட்டை கிடக்கு," என்றாள். "கழுவேல்ல."
மணியடித்தது.
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
உள்ளே போனாள்.

கடைசி வேலை கண்ணாடி துடைக்கிறது.
தலையைச் சரித்துப் பார்த்தேன்.
எண்ணெய்த் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று,
நெற்றியில் தேய்த்தவை, தேய்க்காதவை,
எது எவருடையதென்று
மிசினுக்கும் தெரியாதவை.

வேலைத்தாளில்
"துடைக்கப்பட்டது" என்று எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.

பரந்தன் வரைக்கும்
சேர்ட் பொக்கெற்றில்
நனைக்காத துணி.