ஓசை பார்த்து வாங்கியது

ஞாயிறு இரவு சாப்பிட வருகிறாள் பிளாரன்ஸ்.
நாற்பது முடிகிறது அவளுக்கு.
மூன்று வருடமாக வாசனை தெரியாது.
போகிற காய்ச்சல் அதையும் கொண்டுபோய்விட்டது,
பணப்பையை அடித்தவன்
ரேஷன் கார்டையும் சேர்த்து எடுத்துப்போவதுபோல.

"எனக்காக மெனக்கெடாதே,
எதைப் போட்டாலும் ஒன்றுதான்"
என்றாள் போனில்.
அந்த 'ஒன்றுதான்'
இரண்டு ராத்திரி என் கட்டிலில் படுத்திருந்தது.

காலை ஆறரை. ரஸ்ஸல் மார்க்கெட்.
பழக்க தோஷத்தில் ஒரு கட்டு மல்லித்தழையை
மூக்குவரை கொண்டுபோய்
திருடிய பொருள்போல் திரும்ப வைத்தேன்.

மாகடியிலிருந்து அவரைக்காய் வந்து குவிந்திருந்தது.
சொகடு என்பார்கள் இங்கே:
மார்கழிப் பனி குடித்த தோலின்
பிசுக்கும் வாசனையும் சேர்ந்த ஒற்றைச் சொல்.
"சொகடு நோடம்மா" என்று
ஒரு கை அள்ளித் திணித்தாள் முனிரத்னம்மா.
அந்தச் சொல்லுக்குத்தான் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூடுதல்.
வேண்டாம் என்றேன்.
விலைக்குத் தயங்குகிறேன் என்று பத்து குறைத்தாள்.
இன்னும் பத்து.
எப்படிச் சொல்வது இவளிடம்.

வெள்ளரியை ஒடித்துக் காட்டச் சொன்னேன்.
முதலாவது முனகியது.
அடுத்தது ஈரத்துணி.
"சமைக்கவா வாங்குறீங்க, தாளம் போடவா?"
என்றார் ரஹ்மத்துல்லா.
மூன்றாவது
கரும்பலகையில் சாக்பீஸ் முறிவதுபோல் பட்டென்றது.
அதே கூடையில் நாலு எடுத்தேன்,
ஒடித்த இரண்டுக்கும் காசு கொடுத்தேன்.

மாதுளையைச் சுண்டிக் கேட்டேன்.
கசப்புக்கு மூக்கு தேவையில்லை,
எனவே பாகற்காய், குட்டையானது, முள் கூரானது.
உறைப்பு வலியின் தங்கை,
அவள் எந்த வாசலிலும் நுழைவாள்,
எனவே காந்தாரி மிளகாய்.
மீன்காரர் செவுளைத் தூக்கி
"மோந்து பாருங்கக்கா, கடலே வரும்" என்றார்.
நான் விரலால் அழுத்தினேன்.
குழி உடனே நிமிர்ந்துகொண்டது. போதும்.

பிறகு இரண்டு பஸ் மாறி மல்லேஸ்வரம்.
எட்டாவது கிராஸில் அரளு சண்டிகை.
பொரித்தது ஒன்று தின்னக் கொடுத்தார்கள்.
கடித்தேன்.
மண்டைக்குள் யாரோ சருகில் நடந்தார்கள்.
அரைக் கிலோ என்றேன்.
இரண்டு பேருக்கு
அரைக் கிலோ.

எந்தக் கடையில் எப்போது விழுந்ததோ,
பைக்கு அடியில் கொசுறுக் கறிவேப்பிலை.

தாளிக்கும்போது பெருங்காய டப்பாவில் கை நின்றது.
அப்புறம் போட்டேன்.
நானும்தானே சாப்பிட வேண்டும்.

வந்தாள். செருப்பைக் கழற்றியபடியே
"வீடு என்ன வாசனை அடிக்கிறது, சொல்லு" என்றாள்.

இதற்கு நான் ஒன்றும் வாங்கி வைத்திருக்கவில்லை.
நெய் என்றேன்.
கறிவேப்பிலை என்றேன்.
"கறிவேப்பிலை எப்படி?"
பச்சையாக... இல்லை,
பேருந்து ஜன்னல் திறந்ததும்... இல்லை,
கறிவேப்பிலை
கறிவேப்பிலைபோல்தான் இருக்கிறது, பிளாரன்ஸ்.

சிரித்தாள்.
தட்டிலிருந்து ஒரு சண்டிகையை எடுத்தாள்.
கடிக்கவில்லை.
என் காதருகே கொண்டுவந்து
மெதுவாக நொறுக்கினாள்.

தோளெல்லாம் தூள்.