கழித்தது போக

ஐஸ் மெஷின் படுத்துவிட்டது.
கத்திரி வெயில். பதினோரு மணி.
நாலு டிகிரியில் இருக்கவேண்டியவற்றுக்காக
ஸ்கூட்டியில் மீன் மார்க்கெட் ஓடி
வஞ்சிரத்தின் அடியிலிருந்து
அரைக் கூடை ஐஸ் வாங்கிவந்தேன்.
இன்றைக்கு எங்கள் ஆய்வகத்தில் கடல் வாசம்,
ஆற்றிலேயே தண்ணீர் இல்லாத வேலூரில்.

குழாய்க்குள் முனிரத்தினத்தின் தட்டணுக்கள்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில்
இருபத்திரண்டு வருஷமாகக் குரோம் டிரம்மில் நிற்பவர்.
வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறி வந்து
கையை நீட்டினார்.
நரம்பு சுலபமாகக் கிடைத்தது.
நகக்கண்ணில் நீலம்.

டிஜிட்டோனின் ஒரு சொட்டு: சுவரில் ஓட்டை.
சக்சினேட்: தீனி.
உள்ளே மைட்டோகாண்ட்ரியா மூச்சு வாங்குகிறது.
எலெக்ட்ரான்கள் வரிசையில் போய்
கடைசி ஸ்டேஷனில்தான் ஆக்சிஜனைச் சேரவேண்டும்.
ஒன்றிரண்டு,
காட்பாடி அவுட்டரில் வண்டி மெதுவாகும்போதே
குதித்துவிடும்.
எதிர்ப்பட்ட முதல் ஆக்சிஜனின் சட்டையைப் பிடிக்கும்.
நூற்றுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு.
அவ்வளவு இருக்காது என்று இப்போது சண்டை.

நிறமில்லாச் சாயம் ஒன்று,
முள்ளங்கிச் சாதி வேரின் நொதி ஒன்று.
பெராக்சைடு வந்து தொட்டால்
தண்ணீரில் ஒரு துளி ரோஸ் சிரப் விழுந்த மாதிரி.

ஆனால் வெற்றுக்குழாயும் சிவக்கிறது.
ரத்தம் இல்லை, தீனி இல்லை, யாருமே இல்லை;
சிவக்கிறது.
வெளிச்சம் பட்டாலே சாயத்துக்கு வெட்கம்.
டியூப்லைட்டை அணைத்தேன்,
ஜன்னலுக்குப் பழைய தினசரி ஒட்டினேன்,
இட்லிப் பார்சலின் வெள்ளிக் காகிதத்தைக்கூடச் சுற்றினேன்.
குறைந்தது. போகவில்லை.
போகாததைக் கழி.

கழித்தது போக
நிமிஷத்துக்கு, மில்லிகிராம் புரதத்துக்கு
நாற்பத்தேழு பிக்கோமோல்.

அதுவும் உண்டானது அல்ல,
தப்பி வந்தது.
உள்ளேயே பிறந்து உள்ளேயே அணைக்கப்பட்டவற்றை,
அணைத்து அணைத்துக் களைத்தவற்றை
எந்தச் சாயமும் பார்ப்பதில்லை.

வராந்தாவில்
பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.
“இன்னாமா, எவ்ளோ வந்துச்சி?”
“சின்ன நம்பர்தாண்ணா.”
“சின்னதுன்னா நல்லதா?”

ஒப்பிட ஆள் வேண்டும்.
தோல் ஷெட் வாசல் மிதிக்காத பத்துப் பேர்.
ஒன்பது கிடைத்தார்கள்.
பத்தாவதாக என் கையைத்தான் நீட்டியிருக்கிறேன்,
படிவத்தில் “தொடர்பு இல்லை” என்று டிக் போட்டு.
பொய் இல்லை.
படிவம் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை.
மேல்விஷாரத்தில் எங்கள் வீட்டுக் கிணறு
பாலாற்றிலிருந்து எத்தனை தப்படி,
உம்மா டீயில் அந்த உப்புக்கரிப்பை மறைக்க
எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டாள்,
கேட்கவில்லை.

மூன்றரைக்கு என் குழாயை வைத்தேன்.
கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டியது,
யுபிஎஸ் கத்தியது,
கோடு ஏறியது.
நாற்பத்தாறு.

திரும்ப ஓட்டினேன்.
நாற்பத்தெட்டு.

“பஸ்ஸுக்கு நேரமாச்சிம்மா, சிலிப் குடுப்பியா?”
பயணப்படி ரசீதில் அவர் கையெழுத்து.
சாட்சி இருக்கவேண்டிய இடத்தில் என்னுடையது:
ஷம்ஷாத்.

ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டது.
குழாயின் வெளிப்பக்கம்
ஒட்டிக்கொண்டிருக்கிறது ஒரு செதில்.
நகத்தால் சுரண்டுகிறேன்,
வரமாட்டேன் என்கிறது.