தண்ணீர்க் கணக்கு

மைதானம் நகராட்சியுடையது.
பூட்டு வெண்டல் பார்னபியுடையது.
தண்ணீர்க் கட்டணம் மட்டும்
இன்னும் எங்கள் தலையில்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை
மீட்டரைக் குறிக்கப் போவேன்.
மீட்டர் வேலிக்கு உள்ளே.
ஆகவே
நகராட்சிச் சீருடையில்
நகராட்சி வண்டியை ஓரங்கட்டி
நகராட்சியின் வாசலில் நின்று
உள்ளே வரலாமா என்று போனில் கேட்கிறேன்.
பதினோரு நிமிடம் பியானோ வாசிக்கிறார்கள்.

ஒப்பந்தம் பத்தாண்டு.
வாடகை ஆண்டுக்கு ஒரு டாலர்.
முதல் டாலருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு
மேயர் அறையில் மாட்டியிருக்கிறார்கள்.
வரவு வைக்கவே இல்லை என்றாள்
கணக்குப் பிரிவு ஜோர்ஜினா,
சிரிக்காமல்.

மைதானத்தில் ஓட மணிக்கு எண்பத்தைந்து.
விளக்கு எரிந்தால் நூற்றிருபது.
துறைமுகத்துக் குளிர்கூடங்களில்
சிப்பி உரித்துக் கை வெளுத்தவர்களின் பிள்ளைகள்
பதினைந்து பேர்,
ஆளுக்கு எட்டு டாலர் என்று வகுத்துப் பார்த்தார்கள்.
கணக்கு சரியாகத்தான் வந்தது.
எட்டு டாலர்தான் வரவில்லை.

பொது விசாரணை நடந்த இரவு
நியூ பெட்ஃபோர்டில் நல்ல மழை.
நனைந்த கோட்டுகளின் வாடை மண்டபம் முழுக்க.
பேச ஆளுக்கு இரண்டு நிமிடம்.
திமோத்தேயோ இஷ்கோய் கிச்சே மொழியில் பேசினார்,
மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.
மொழிபெயர்ப்பும் அதே இரண்டு நிமிடத்துக்குள்தான்.
"நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை, நாங்கள் கேட்பது..."
மணி அடித்துவிட்டது.
அவர் கேட்டது என்னவென்று
குறிப்பேட்டில் இல்லை.

அடுத்து பார்னபி.
"ஏழு வருஷத்துக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?
வாத்து எச்சம். உடைந்த பாட்டில்.
போதை ஊசி."
உண்மை.
அந்த ஊசிகளைப் பொறுக்கியவள் நான்.
வாளியும் இடுக்கியும் இன்னும் வண்டியின் பின்னால் கிடக்கின்றன.
விளக்குக் கம்பம் நட அவர் தன் படகை விற்றதும் உண்மை.
யாருக்கு விற்றார் என்பதுகூட எனக்குத் தெரியும்;
அவன் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டான்.

ஓர் உறுப்பினர் கேட்டார்:
"இப்போது சாவி யாரிடம் இருக்கிறது?"
பார்னபியின் கை பாக்கெட்டுக்குப் போனது.
லீக் பொருளாளரின் கையும்.
பின்வரிசையில்
ஹாட் டாக் கடை போடுபவரின் கையும்.
பூங்காத் துறை இயக்குநர் கூரையைப் பார்த்தார்.
நானும் என் பையைத் தடவினேன்:
வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, இருமல் மிட்டாய்.

தீர்மானம் ஜனவரிக்கு ஒத்திவைக்கப்பட்டது.
ஜனவரியில் அங்கே முழங்கால் வரை பனி.
யாருக்கு வேண்டும் அப்போது?

அக்டோபர் முதல் செவ்வாய் மறுபடி போனேன்.
வேலிக்கும் நடைபாதைக்கும் நடுவே
எட்டடி அகலத்தில் ஒரு புல் துண்டு உண்டு.
ஒப்பந்த வரைபடத்தில் அது விடுபட்டுப்போனது.
பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.
எட்டடியில் பக்கவாட்டில் பந்தைக் கடத்த முடியாது.
நேராக ஓடு, அல்லது
எதிராளி மேல் ஏறி ஓடு.
வேலிக்கு அந்தப் பக்கம்
முன்பதிவு செய்த யாரோ வராமல்
மைதானம் தன்பாட்டுக்குக் கிடந்தது,
தெளிப்பான்கள் மட்டும் சுற்றிக்கொண்டு.

பந்து வேலி தாண்டி விழுந்தது.
கம்பத்தடியில் நின்ற பார்னபி
அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
எங்கோ கையெழுத்துப் போட வேண்டியதுபோல.
பிறகு பேஸ்பால்காரர் வீசுவதுபோல
ஒற்றைக் கையால் ஓங்கி வீசினார்.
வேலி உச்சியில் பட்டு
அவர் பக்கமே விழுந்தது.
மறுபடி வீசினார்.
யாரும் நன்றி சொல்லவில்லை.
பந்து யாருக்கு என்பதில்
இரண்டு அணிக்கும் சண்டை தொடங்கிவிட்டது.

எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.
"மழை வரும்போல" என்றார்.
"தண்ணீரை மூடிவிடலாமே" என்றேன்.
அது டைமரில் ஓடுகிறதாம்.
நிறுத்தும் எண் போர்ட்லண்டில் யாரிடமோ இருக்கிறதாம்.

குந்தி உட்கார்ந்து மூடியைத் தூக்கினேன்.
பூஜ்யம் நான்கு ஒன்று ஏழு ஒன்பது.
கடைசி இலக்கத்தை எழுதவில்லை.
சின்னச் சிவப்பு முள்
நின்றபாடில்லை.