கழிவுச் சீட்டு

திங்களும் வியாழனும் பகல் ஒரு மணிக்கு
மார்க்கம் ரோட்டில், பல் வைத்தியருக்கு மேல்மாடியில்
என் பெயர் ஒட்டிய கோப்பையில்
சலம் பெய்து கொடுக்கிறேன்.
மரிசெல் தொட்டுப் பார்க்கிறாள்
உடம்புச் சூடு இருக்கிறதா,
வேறு யாருடையதையும் சட்டைப்பையில் கொண்டுவந்தேனா என்று.
பிறகு மூன்று நிமிடம்
பனியைப் பற்றிப் பேசுகிறோம்.

இங்கே கோடு விழுந்தால் நல்லது.
கோடு போட்டுத்தான் இங்கே வந்தேன்.

மீனில்லாத மீன்தொட்டி ஒன்றை நீட்டுகிறாள்.
உள்ளே ஐந்நூறு துண்டுகள்.
பாதியில் 'நன்று' என்று மட்டும்.
மிச்சத்தில் ஐந்து டொலர், இருபது டொலர்,
ஒன்றே ஒன்றில் டிவி.
அலமாரிக்கு மேல் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது அது.
மூன்று வருடமாய் ஒருவருக்கும் விழவில்லையாம்.

முதல்நாள் எனக்குச் சிரிப்பு வந்தது.

பரிமளகாந்தி அக்காவின் சீட்டு இருபது பேர், மாதம் ஆயிரம்.
அவசரக்காரன் கூடக் கழிப்பான்.
மூன்றாம் மாதமே ஆறாயிரம் கழித்து எடுத்தேன்,
புதுக் கமெரா என்று சொல்லி.
பதினாலாயிரமும் தை பிறக்க முன்னம்
மூக்கால் போனது.
எட்டாம் மாதத்தோடு கட்டுவதை விட்டேன்,
போன் எடுப்பதையும்.

அப்போதும் கழித்துத்தான் எடுத்தேன்.
இப்போதும்.

கலியாண வீடியோக்காரன் நான்.
சனி விடியப் பொம்பிளைக்குத் தலை இழுப்பதில் தொடங்கி
ஞாயிறு விடிய மண்டபம் கூட்டும் வரை
கண் மூடக்கூடாது.
முதல் கோடு ஒரு மண்டபத்துக் கழிப்பறையில்,
கை உலர்த்தும் மெஷின் இரைய இரைய,
மாப்பிள்ளைத் தோழன் தந்தது. இலவசம்.
ஒன்பது தாலிகட்டு
இன்னும் வெட்டி ஒட்டாமல் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது.
அதில் ஒரு சோடி பிரிந்தும் விட்டது.

"ஹெரோயினுக்கு மாற்றுக் குளிசை இருக்கிறது.
இதற்கு இல்லை" என்றார் டொக்டர் அபியோலா.
"இருப்பது பேச்சு, கூட்டம், இந்தத் தொட்டி."

செவ்வாய்களில் பேச்சு.
எதெது இழுக்கும் என்று கொப்பியில் எழுதச் சொன்னாள் அந்தப் பிள்ளை.
இருபது டொலர்த் தாள்.
வெள்ளிக்கிழமை.
நாதஸ்வரம்.
அது என்ன என்று கேட்டாள்.
விளங்கப்படுத்த வாயெடுத்தேன்,
மூக்கு ஒழுகத் தொடங்கியது.

வங்கி அட்டை யசோதினியிடம்.
பஸ் காசு எண்ணித் தருவாள், ரசீது கேட்பாள்,
கேட்கும்போது என் கண்ணைப் பாராள்,
மூக்கைப் பார்ப்பாள்.

ஒன்பதாம் கிழமை வழுக்கினேன்.
சுத்தமாய் இருக்க இருக்கத் துண்டுகள் கூடும்;
ஏழு வரை ஏறியிருந்தேன்.
கோடு விழவில்லை.
மரிசெல் பேசவில்லை, ஏசவில்லை.
தொட்டியைத் திருப்பி அலமாரியில் வைத்தாள்.
மூக்கில் அடிக்கும் நலொக்சோன் ஒன்றை
என் கையில் திணித்தாள்.
"இப்போது வருவதில் ஃபென்டனில் கலக்கிறார்கள்.
தனிய எடுத்துச் செத்துப் போகாதே."
அடுத்த திங்கள்
ஒரு துண்டிலிருந்து.

இன்று நாலு.
நன்று. நன்று.
இருபது டொலர், பலசரக்குக் கடை அட்டை.
நன்று.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு
மற்றப் பஸ்ஸில் ஏறினேன்.
பதினாறு மாதத்துக்குப் பிறகு
பரிமளகாந்தி அக்காவின் கதவு.
என் பங்கையெல்லாம் தன் கைக்காசில் கட்டி
சீட்டை முடித்திருந்தாள்.
உள்ளே வா என்று சொல்லவில்லை.
கள்ளத்தாள் பார்ப்பதுபோல்
அட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
"இதுக்குள்ள உண்மையா இருபது கிடக்கோ?"
கிடக்கு, அக்கா.

கொப்பி எடுத்துவந்தாள்.
பன்னிரண்டாயிரத்தை வெட்டி
பதினோராயிரத்துத் தொளாயிரத்து எண்பது என்று எழுதி
கையெழுத்துப் போடச் சொன்னாள்.
அதற்குள் குளிரில் அவள் பேனை இறுகிவிட்டது.
இரண்டு கையாலும் பொத்தி
வாய்க்குக் கிட்டப் பிடித்து
ஊதினேன்.
இன்னும் ஒருக்கா ஊதினேன்.
கதவைச் சாத்தாமல் நின்றாள்.