மூன்று மில்லிமீற்றர் பொய்

போயா லீவு. தாமரைக்கேணியில்
யசோதினியின் பல்செட் கட்டும் கூடத்து மேல்மாடி.
ஆளுக்கொரு பலகை, நாலடி நீளம்,
பழைய பெட்ஷீற்றால் பொத்தி
ஓட்டோவின் பின்சீற்றில் காய்ச்சல்காரரைப் போலக்
கிடத்திக் கொண்டுவந்திருந்தோம்.
எண்பத்தேழில் ஒரு பங்கு உலகம்.
அதில் ஸ்ரேசன் மாஸ்டர்
என் சுண்டுவிரல் நுனியளவு.

முதலில் வழக்கமான சண்டை.
'நம்மட பாதை அஞ்சரை அடி.
இது வெளிநாட்டு அகலம்,
மூண்டு மில்லிமீற்றர் குறையுது'
என்றார் லாபிர்,
ஓட்டமாவடியிலிருந்து கவராயத்தோடு வந்தவர்.
குறைவுதான்.
பத்தொன்பதில் தண்டவாளம் பற்றவைத்தால்
அதில் ஓட எஞ்சின் ஆர் தருவது?
மூன்று மில்லிமீற்றர் பொய்யை
நாலு பேரும் கைதூக்கி
இந்த மாதமும் ஏற்றுக்கொண்டோம்.
தேத்தண்ணி வந்தது.

பெட்ஷீற்றை நீக்கினார் லாபிர்.
ரயிலும் பஸ்ஸும் ஒரே முதுகில் போன
அந்தப் பழைய இரும்புப் பாலம்.
போன மாதம் வெறும் பிஸ்கற் பெட்டி மட்டை.
இப்போது ஆயிரத்து நானூறு ஆணித்தலை,
ஒவ்வொன்றும் பின்பக்கத்திலிருந்து ஊசியால் குத்தியது.
கேற்றடியில் ஒரு மீன் லொறி காத்து நிற்கிறது;
ஐஸ் கரைந்த ஈரம் தாரில் மினுங்குகிறது,
மகளின் நகப்பூச்சு.
'எந்த வருஷம் காக்கா?'
'எழுபத்தெட்டு, ஒக்ரோபர்.'
சூறாவளிக்கு முந்தின மாதம்.
அதுதான் தென்னைக்கெல்லாம் தலை இருக்கிறது.

யசோதினியின் மட்டக்களப்பு ஸ்ரேசன், இந்த வருஷம்.
பல் அச்செடுக்கும் சாந்தில் மேடை,
ஈறு செய்யும் மெழுகை உருக்கி ஓடு.
'கூரைக்கு முரசு வைச்சிருக்கா' என்றார் டெரன்ஸ் அவுட்ஸ்கோர்ன்.
அவர் பலகையில் மேலே ஒன்றுமில்லை, வெறும் பிளைவூட்.
கவிழ்த்துக் காட்டினார்:
நிறம் நிறமாய் வயர்,
ஒவ்வொன்றிலும் எறும்பெழுத்தில் ஒரு பெயர்.
'எந்த வருஷம்?'
'வயருக்கு என்ன வருஷம்?'

பிறகு என்னுடையது. புணானை.
வண்டி வராத வருஷம்.
தும்பை அவித்துச் சாயமேற்றி
தண்டவாளத்தின் நடுவே
சாமணத்தால் நட்ட புல்.
நாற்பத்திரண்டு இரவு.
ஒருவரும் பேசவில்லை.
'மறுகா வண்டி எப்பிடிப் போறது?' என்றார் லாபிர்.
அதை நான் யோசிக்கவில்லை என்றால்
அது இன்னொரு பொய்.
யோசித்துத்தான் நட்டேன்.

கிளாம்ப் போட்டு இணைத்தோம்.
சீட்டுக் கட்டி வாங்கிய ஒரே எஞ்சின்
இந்த வருஷத்தில் புறப்பட்டு
பெயர் எழுதிய வயர்களின் மேலாய் ஓடி
எழுபத்தெட்டைக் கடந்து
என் பலகை விளிம்பில் நின்றது.
டெரன்ஸின் விரல் குமிழில்.
'பிடுங்கவா கா?' என்றாள் யசோதினி, பல் குத்தும் கம்பியோடு.
'வேணாம்.'
'அப்ப, ஓட்டவா?'
நாற்பத்திரண்டு இரவையும் ஒருதரம் பார்த்தேன்.
'ஓட்டுங்க.'

புல் மடிந்தது. சிலது வேரோடு வந்தது
(வேர் என்பது பசை).
பதின்மூன்று அங்குலம் போனது.
தும்பு அச்சில் சுற்றி
ஒரு கொசுவைப் போல இரைந்து
நின்றது.
'ஆனை நிக்கிதாக்கும்' என்றார் லாபிர்.
சிரிப்பு வர நேரமெடுத்தது.

எஞ்சினைக் கவிழ்த்து
ஸ்பிரிற்றால் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள் யசோதினி,
வாயைத் திற என்று சொல்லாத குறை.
லாபிர் குனிந்து
மடிந்த புல்லின் இரு கரைக்கும்
கவராயத்தை விரித்தார்.
அடிமட்டத்தில் வைத்தார்.
திரும்பவும் வைத்தார்.
'பத்தொன்பது' என்றார், மெதுவாக.
பிறகு, 'கொஞ்சம் கூட.'

கொப்பியில் எழுதினேன்:
பலகை நான்கு, புணானை.
முன்னேற்றம் பதின்மூன்று அங்குலம்.
மடிந்ததை நிமிர்த்துவதில்லை.
கிளாம்ப் ரெண்டு துருப்பிடித்திருக்கு, புதுசு வாங்க வேணும்.