குளச்சல், மைனஸ் ஆறு

ஜனவரி பதினேழு, திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட்.
குல்மார்க்கில் அஞ்சு நாள்.
பனியை ஃபிரிட்ஜில் மட்டும் பார்த்த நாலு பேருக்குச்
சறுக்கு வகுப்பு, பூட்ஸ் வாடகை உள்பட.
பணம் கட்டின பிறகுதான் ததேயு கேட்டார்:
"தணுப்பு நமக்குத் தாங்குமா பிள்ளே?"

எங்கள் ஊரில் டிசம்பருக்கும்
ஃபேன் மூணில் ஓடும்.
நான் அறிந்த தணுப்பு
நடுராத்திரிப் பூசை முடிந்து வரும்போது
சேலைத் தலைப்பைக் காதோடு இழுக்கிற அளவு.

அதனால் ஞாயிறு மத்தியானம்
வள்ளமெல்லாம் கரையேறிக் கிடக்கிற நேரம்
தம்பி பெர்ஜின் கணக்கெழுதும்
ஐஸ் பிளாண்டுக்குப் போனோம்.
வெளியே முப்பத்துமூணு டிகிரி.
நாலு ஜாக்கெட், நாலு குரங்குக் குல்லா.
ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தபடியே வந்தார்.
இறங்கும்போது மட்டும் மெதுவாக,
"ஆருக்காவது சொகமில்லியா?"

கனத்த கதவு திறந்ததும்
ஒரு வெள்ளை மூச்சு வந்து காலைத் தொட்டது.
உள்ளே வரிசையாய் ஐஸ் பாளங்கள்,
கல்லறைத் தோட்டம் மாதிரி.
ததேயு தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெர்ஜின் மிஷினில் ஐஸை நொறுக்கி
பாளம் இறக்கும் சரிவில் கொட்டிப் பரத்தினான்.
மீன்பெட்டி உடைத்த பலகை ரெண்டு,
நைலான் கயிறு,
பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூ.
ஜெஃப்ரின் போனைப் பார்த்து உத்தரவு போட்டாள்:
கால்முட்டை மடக்கு. முன்னால சாய்.
நிற்கணும்னா நுனி ரெண்டையும் சேர்,
பீட்சாத் துண்டு மாதிரி.

ததேயுவுக்குப் பீட்சா விளங்கவில்லை.
"வள்ளத்து அணியம் மாதிரி" என்றேன்.
விளங்கிவிட்டது, காலுக்கு மட்டும் விளங்கவில்லை.
இருபது வருசம் ஆழ்கடல் போனவர்,
ஆடுகிற படகில் நின்றுகொண்டே சோறு தின்கிறவர்,
ரெண்டடியில் இருந்துவிட்டார்.

நான் நாலடி போனேன். சத்தியமாக நாலடி.
அப்புறம் மல்லாக்க.
கழுத்துவழி ஐஸ் இறங்கி
முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது.

பாளம் தள்ளுகிற ஜார்க்கண்ட் பையன் சுக்ராம்,
காலில் சாக்கு சுற்றினவன்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்டே வந்தான்.
"அக்கா, நிக்க வேணாம். முதல்ல விழு.
பின்னாடி இல்ல. சைடு."
விழுந்து காட்டினான், சும்மா
பாயில் சரிந்து படுக்கிற மாதிரி.

விழுந்தேன். இடது பக்கம், வலது பக்கம்.
ஒன்பதாவது தடவை வலிக்கவில்லை.
நாற்பத்தொரு வயசு வரைக்கும்
விழாமலிருக்க மட்டுமே பழகின உடம்பு,
இது இவ்வளவு லேசா என்று
ஐஸில் கிடந்தபடி கேட்டது.
"நீயும் ஒரு தடவை எங்கூட வா" என்று
சுக்ராமிடம் சொல்ல வாயெடுத்தேன்.
டிக்கெட் விலை ஞாபகம் வந்தது.
ஷிஃப்டு எத்தனை மணிவரை என்று கேட்டேன்.

அபிஷுக்கு உதடு நீலமானதும் வெளியே வந்தோம்.
கண்ணாடியெல்லாம் ஒரே ஆவி.
வெயில் ஓடிவந்து கட்டிக்கொண்டது,
கொடுத்த கடனைக் கேட்காத சொந்தக்காரன் மாதிரி.

ஜாக்கெட்டில் சாளை நாற்றம்.
ரெண்டு தடவை துவைத்தும் போகவில்லை.
காஷ்மீர் வாத்தியாருக்கு வாடையடிக்குமே என்று
ஜெஃப்ரினுக்கு ஒரே கவலை.

ராத்திரி கரண்ட் போய் விழித்தேன்.
வேர்த்துக் கிடந்தார் ததேயு.
கால் ரெண்டும் அகன்று
பெருவிரல் நுனி மட்டும் சேர்ந்திருந்தது.
எந்தச் சரிவிலோ
பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார்.